ஹெடி பறிக்கட்டும்

பக்கத்துத் தோட்டக்காரி ஹெடியின் வேலியைக் கடக்கும்போதெல்லாம் ரோரியின் சைக்கிள் செயின் கழன்றுகொள்ளும். இன்று காலையிலிருந்து இது மூன்றாவது முறை.

குனிந்து செயினைச் சரிசெய்வதுபோல் பாவனை காட்டிக்கொண்டே வேலிக்கு அப்பால் கண்ணை ஓட்டினான். வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள்தான் நின்றன. கூடை இல்லை, டிராக்டர் சத்தம் இல்லை, ஒரு மனிதத் தலையைக்கூடக் காணோம்.

பின்னாலிருந்து மணி அடித்துக்கொண்டு வந்த வெளியூர்க் கும்பல் ஒன்று அவனைச் சுற்றி வளைந்து போனது. கிளேர் பள்ளத்தாக்கில் ரயில் நின்று, தண்டவாளத்தைப் பிடுங்கிச் செம்மண் சைக்கிள் பாதை போட்ட நாளிலிருந்து இதே கூத்துதான். கடைக்குக் கடை இறங்கி ஒயினைக் குடித்துச் சப்புக்கொட்டிவிட்டு, சாயங்காலம் கோணல்மாணலாக ஓட்டிக்கொண்டு திரும்புவார்கள். கவலையில்லாத ஜென்மங்கள்.

போன் அடித்தது. மனைவி டெல்மா.

"மறுபடியும் அந்த விதவை வீட்டு வேலி ஓரமாத்தான் நிக்கிறியா? உன் புருஷனுக்கு என்ன திடீர்னு சைக்கிள் பைத்தியம்னு பேக்கரில கேக்குறாங்க. எனக்கு மானம் போகுது."

"அவ இன்னும் பறிக்க ஆரம்பிக்கல, டெல்மா."

"அவ பறிச்சா என்ன, பறிக்காட்டி என்ன? நம்ம பழம் சரியா இருக்குன்னு திங்கக்கிழமையே நீதானே சொன்ன? மேக்கால பாரு, வானம் எப்படிக் கறுத்துக் கெடக்குன்னு. பறிக்க வந்த பசங்க இனிமே காத்திருக்க மாட்டாங்களாம். தெக்கால பரோசா தோட்டங்கள்ல கூப்பிடுறாங்களாம்."

"இன்னும் ஒரு மணி நேரம் பிடிச்சு வை."

"நீயும் உன் ஒரு மணி நேரமும்." அவள் வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. பழுத்த ரீஸ்லிங் திராட்சை மழை பட்டால் வெடிக்கும், அழுகும். ஒரு வருஷ உழைப்பு மண்ணோடு போகும். ஆனால் போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவன் பறித்த மறுநாள்தான் ஹெடி பறித்தாள். இரண்டு முறையும் ஒயின் போட்டியின் பரிசுக் கோப்பை அவள் வீட்டுக்குத்தான் போனது. அந்த ஒரு நாள் பொறுமையில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று ரோரி முடிவு கட்டிவிட்டான். இந்த முறை ஹெடி கத்தரியைத் தொடாமல் அவனும் தொடுவதாக இல்லை.

நேரே போய்க் கேட்டுவிடலாம். ஆனால் இந்தப் பள்ளத்தாக்கில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், எப்போது பறிக்கப்போகிறாய் என்று மட்டும் பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்கக் கூடாது. கேட்டவன் பழத்தை ருசித்துப் பதம் பார்க்கச் சொந்த நாக்கை நம்பாதவன் என்று ஊர் முழுக்கப் பெயர் வாங்குவான்.

சைக்கிளில் ஏறித் தன் தோட்டத்துப் பக்கம் மிதித்தான். அந்தப் பக்கத்திலிருந்து ஹெடியே சைக்கிளில் எதிரே வந்தாள். அறுபதைத் தாண்டியவள், இந்த வாரம் முழுக்க அவளும் சைக்கிளும் கையுமாகத்தான் அலைகிறாள்.

"என்ன ரோரி, எக்சர்சைஸா?"

"தொப்பை போட்டுடுச்சு, அதான். நீங்க?"

"முட்டிக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு."

இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். அவளும் நகரவில்லை, அவனும் நகரவில்லை.

பாதை தார்ச்சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு வேன் போனது. உள்ளேயிருந்து அவனுடைய பறிக்கும் ஆட்கள் கையசைத்துவிட்டுத் தெற்கே பறந்தார்கள். ரோரிக்கு மானம், ரோஷம் எல்லாம் ஒரே நொடியில் விட்டுப்போனது.

"ஹெடி, கோவிச்சுக்காதீங்க. மழை தலைக்கு மேல நிக்குது. நீங்க ஏன் இன்னும் பறிக்கல? நீங்க ஆரம்பிச்சா நானும் ஆரம்பிக்கலாம்னு வாரம் முழுக்க லூசு மாதிரி சுத்திக்கிட்டு இருக்கேன்."

ஹெடியின் முகம் வெளுத்துவிட்டது. "உன் பழம் இன்னும் பழுக்கலன்னுல்ல நான் நெனச்சேன்."

"என் பழமா? அது திங்கக்கிழமையே தயார்."

முதல் துளி அவள் தலைக்கவசத்தில் விழுந்தது. அடுத்தது அவன் கையில். அதற்கப்புறம் சடசடவென்று கொட்ட ஆரம்பித்தது. ஹெடி ஒதுங்கவும் இல்லை, முகத்தைத் துடைக்கவும் இல்லை.

"ஊரையே படுக்க வச்ச அந்தக் காய்ச்சல்ல எனக்கு நாக்கு ருசி போயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, ரோரி," என்றாள். "நீ பறிக்கிறதப் பாத்துத்தான் நான் பறிக்கிறேன்."