வெளியே எடுத்த படங்கள்

தேற்றாத்தீவில் ஸ்டூடியோ வைத்திருக்கும் வினாயகமூர்த்தி, சுனாமிக்குத் தப்பிய படங்களையெல்லாம் ஒரு கம்பனியின் மென்பொருளில் ஏற்றி வைத்திருந்தார். அவை வேறெதிலும் திறக்காது. யுத்தம் முடிந்த மறுவருடம் வேறு கம்பனிக்காரர்கள் புதிய மென்பொருள் விற்க வந்தார்கள்.

“இனி வாங்குறது எந்தக் கம்பியூட்டர்லயும் திறக்கணும், முதலாளி,” என்றாள் அங்கு வேலை செய்யும் கம்சாயினி. “நம்மட படத்த நாமளே வெளிய எடுக்க ஏலாட்டி என்னத்துக்கு?”

பரீட்சித்துப் பார்க்க, கடலோடு போன அவருடைய மனைவி சின்னத்தங்கத்தின் படத்தை முதலில் மாற்றினார்கள். புதிய கணினியில் அது திறந்தது. அவள் உட்கார்ந்திருந்த கதிரை இருந்தது. பூச்சாடி இருந்தது. சின்னத்தங்கம் இல்லை. பழைய மென்பொருளிலும் இப்போது வெறும் கதிரைதான்.

மற்றப் படங்கள் தாமாகவே மாறத் தொடங்கின. ஒரு மாப்பிள்ளை மணவறையில் தனியாக நின்றான். பள்ளிக்கூடப் படத்தில் பிள்ளைகள் உட்காரும் வாங்குகள் பாதி காலியாக இருந்தன. கடல் கொண்டுபோனவர்களை மட்டும் காணவில்லை.

“நிப்பாட்டு புள்ள!”

“ஏலாது, முதலாளி. தொடங்கினா முழுசும் வெளிய வந்துதான் நிக்கும்.”

கடற்கரைப் பக்கமிருந்து ஆட்கள் பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. வினாயகமூர்த்தி ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டு, தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார்.

“இஞ்சேருங்க,” என்றது வெளியே சின்னத்தங்கத்தின் குரல். “கதவத் திறங்க. எல்லாரும் வந்திருக்காங்க.”