வடக்கு ஜன்னலில் ஏரி

வெஸ்லி எழுந்தான். பல் துலக்கினான், காபி போட்டான். கோப்பையோடு வடக்கு அறைக்குப் போய் ஜன்னல் திரையின் இடது பாதியை மட்டும் விலக்கினான். வலது பாதியை அவன் தொடுவதில்லை.

"ஏரி இன்னைக்கு அலையே இல்லாம இருக்கு," என்றான்.

அறையில் யாரும் இல்லை. மனைவி மார்னியின் கட்டிலைக்கூட மருத்துவமனைக்காரர்கள் போன வருடமே எடுத்துப் போய்விட்டார்கள். சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்.

கைபேசியில் வீட்டின் ஒவ்வொரு ஜன்னலையும் படம் எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஊரில் அன்று வீட்டு வரிக் குறைகேட்பு நாள். இதை விட்டால் அடுத்த வருடம் மே மாதம்தான். அவன் வீட்டின் மதிப்பு இந்த வருடம் ஒரேயடியாக ஏறியிருந்தது. காரணமாகப் போட்டிருந்தது ஒன்றே ஒன்று: ஏரிக் காட்சி. அந்த வரியை ஒரு பள்ளி ஆசிரியர் சம்பளம் தாங்காது. மார்னி கடைசியாக இருந்த வீட்டை விற்க வேண்டியதுதான்.

ஊர் மன்றத்தில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவி லோரெய்ன், தீவனக் கடை வைத்திருப்பவர். ஓரமாகத் தனி நாற்காலியில், வரிக்காக வீடுகளை அளந்து விலை போடும் ஊர் மதிப்பீட்டாளர் டுவேன். வயதானவர். தொப்பியை முழங்காலில் கவிழ்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டு வெஸ்லி சொன்னான்: "எங்க வீட்டுல எந்த ஜன்னல்லேருந்தும் ஏரி தெரியாது."

"எல்லாரும் கூரை மேல ஏறி எக்கிப் பார்த்தாவது ஏரி தெரியுதுன்னு சொல்லித்தான் வீட்டை விக்கிறாங்க," என்றார் மேசையின் கோடியில் இருந்த பால்பண்ணைக்காரர். "ஏரி வேணாம்னு வந்த மொத ஆளு நீதான்ப்பா."

லோரெய்ன் சிரிக்கவில்லை. "டுவேன், நீ பார்த்தியா?"

"வடக்கு ரூம்னு எழுதியிருக்கேன்." டுவேன் தலையைத் தூக்கவில்லை.

"என் கோழிக் கூண்டைக்கூட விடாம அளந்த மனுஷன் இவர், வெஸ். உன்கிட்ட படம் ஏதாவது இருக்கா?" என்றார் லோரெய்ன்.

கைபேசியை நீட்டினான். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சமையலறை ஜன்னலில் சாலை. கூடத்து ஜன்னலில் தபால் பெட்டி. வடக்கு அறை வந்ததும் விரல் நின்றது.

பாதித் திரை மூடியிருந்தது. மீதிப் பாதியில், இரண்டு மேப்பிள் மரங்களுக்கு நடுவே, வெயிலில் மினுங்கும் நீலம்.

"தண்ணிதானே இது?" என்றார் பால்பண்ணைக்காரர், எட்டிப் பார்த்து.

லோரெய்ன் கைபேசியை மேசையில் வைத்தார். "மார்னி போனதுல எங்களுக்கும் வருத்தம்தான், வெஸ். ஆனா சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னா நான் என்ன பண்றது? அந்தத் திரைக்குப் பின்னாடி எதை மறைக்கிறே?"

வெஸ்லி மேசையில் கிடந்த கைபேசியைப் பார்த்தான். பின்வரிசையில் தங்கள் முறைக்காகக் காத்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"சொல்லு. இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிடறேன்."

"பக்கத்து வீட்டு ஹோலிஸோட மாட்டுத் தொழுவத்தை," என்றான்.

"எதை?"

"அந்த நீலம் அவரோட தகரக் கூரை. ஏரி பார்த்த வீடு வாங்கித் தர்றேன்னு மார்னிகிட்ட சொல்லியிருந்தேன். அது நடக்கல. கடைசியில அவளுக்குத் தூரத்துப் பார்வை மங்கிப் போச்சு. கட்டிலை அந்த ரூம்ல போட்டு, தொழுவத்துச் சுவர் தெரியாம பாதித் திரையை மூடிட்டு, ஏரி தெரியுதுன்னு சொன்னேன். பனி மூடினப்போ ஏரி உறைஞ்சிடுச்சுன்னு சொன்னேன்." குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "வீட்டை அளக்க டுவேன் வந்தப்போ நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். அவ சொன்னதை அவர் எழுதிட்டார். அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அவ நம்பிட்டேதான் போனா."

பால்பண்ணைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "தகரம்தான். மடிப்பு தெரியுது."

"அப்போ ஏரியை எடுத்துடலாம்," என்றார் லோரெய்ன். மற்ற இருவரும் தலையசைத்தார்கள். அவர் டுவேன் பக்கம் திரும்பினார். "ஏன்யா, ஜன்னல்கிட்ட போய் ஒரு தடவை பார்க்க மாட்டியா?"

டுவேன் எழுந்து நின்றார். "பார்த்தேன். கூரைன்னு தெரிஞ்சுதான் எழுதினேன்."

"தெரிஞ்சேவா?"

"அப்பல்லாம் காட்சிக்குன்னு தனி மதிப்பு கிடையாது. எழுதினா யாருக்கும் நஷ்டமில்லை. இந்த வருஷம் வெளியூர்க் கம்பெனி ஊர் வீடுகளோட மதிப்புக் கணக்கைப் புதுசா போட்டப்போ அதுக்கும் விலை வெச்சுட்டாங்க. நான் கவனிக்கல." தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "வெஸ்கிட்ட சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருந்தேன்."

"யாருக்கு?"

"நான் போன அன்னைக்கு வெயில் அடிச்சுது. பேசிட்டே இருக்கோம், அந்தக் கூரையிலேருந்து பனி மொத்தமும் சறுக்கி விழுந்துது. இடி விழுந்த மாதிரி சத்தம். மார்னி சிரிச்சா."

டுவேன் அப்போதுதான் வெஸ்லியை நிமிர்ந்து பார்த்தார். "கிளம்பறப்போ கூப்பிட்டுச் சொன்னா. 'ஏரின்னே எழுதிக்கோங்க, டுவேன். நான் நம்பறேன்னு அவன் நம்பிட்டிருக்கான்.'"