படிக்காமல் மூடு

கல்மாத் ஏமாற்றுகிறார் என்று முதலில் கண்டுபிடித்தவள் புருல்தான்.

மலைமேல் இருக்கிற பனியேரிக்குக் காவல் அவர். அங்கே வைத்திருக்கும் பெட்டி, ஏரியின் நீர்மட்டத்தை அரைமணிக்கு ஒருதரம் பிஷ்கெக் ஆபீஸுக்கு அனுப்பும். மட்டம் நானூறு சென்டிமீட்டரைத் தாண்டினால், அடிவாரத்து தாஷ்-கெச்சூ கிராமத்தில் சங்கு ஊதச் செய்வது ஆபீஸின் வேலை. சங்கு ஊதினால் ஜனங்கள் மேடேறித் தப்பிக்கலாம்.

அந்த எண்களை வாங்கிக்கொள்ளும் நிரலைப் பைதான் என்ற கணினி மொழியில் எழுதியவள் ஆபீஸில் வேலைசெய்கிற புருல். அந்த நிரல், சாக்கெட் என்கிற இணைப்பு வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு, வாசலில் நிற்கிற ஆள்போல, கூப்பிட்டவர்களுக்கெல்லாம் காதுகொடுத்து எழுதிக்கொள்ளும்.

மூன்று வாரமாக ஏரியிலிருந்து அழைப்பே இல்லை. நாளுக்கு ஒரே ஒரு எண் வந்தது. அதுவும் கிராமத்துத் தபால் ஆபீஸ் இணைப்பிலிருந்து, காலை ஒன்பது மணிக்கு. முந்தாநாள் முந்நூற்று எண்பது, நேற்று எண்பத்தாறு, இன்று தொண்ணூற்றிரண்டு. படிக்கட்டு மாதிரி ஒழுங்கு.

ஆபீஸ் தலைவர் எசென்குலிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் சிரித்தார்.

"ஏரி எந்தப் பக்கம்னே மறந்திருப்பான். குமிஸ் கள்ளு குடிக்கிற கிண்ணத்துல குச்சியை விட்டு அளந்து அனுப்புறான்."

கல்மாத் பைகேயை, அந்த அண்ணனை, கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கட்டுமா என்றாள். கேட்டால் உஷாராகிவிடுவான், வழியை அடைத்துவிடு, தானாக மலையேறுவான் என்றார் அவர்.

புருலுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பொய் எண்ணை நம்பி ஒரு ஊரே தூங்குவதா? இரண்டு வரி சேர்த்தாள். அழைப்பு ஏரி நிலையத்தின் முகவரியிலிருந்து வரவில்லையா, ஒரு எழுத்தும் படிக்காமல் மூடு.

நாலு நாள் திரையில் எண் விழுகிற கட்டம் காலியாகவே கிடந்தது. வழிக்கு வருவான் பார் என்றார் தலைவர்.

ஐந்தாம் நாள் காலை பத்தரை மணிக்கு ஏரி உடைந்தது.

சேறும் பாறையுமாக இறங்கி, ஆற்றோரத்து வீடுகள் நாலை வாரிக்கொண்டு போனது. மூன்று பேர் செத்தார்கள். அதில் ஒருத்தி கல்மாத்தின் கூடப்பிறந்த தங்கை. அந்த நேரம் அவர் ஏரியில் இல்லை, தபால் ஆபீஸ் வாசலில் குதிரையைக் கட்டிவிட்டு நின்றார் என்று பத்துப் பேர் சாட்சி சொன்னார்கள்.

பள்ளிக்கூடத்தில் விசாரணை வைத்தார்கள். கல்மாத் தொப்பியை முழங்காலில் கவிழ்த்துவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் பெஞ்சில் வேறு யாரும் உட்காரவில்லை.

"சொந்தத் தங்கச்சியையே முழுங்கிட்டு உக்காந்திருக்கான் பாரு," என்றது பின்னால் ஒரு குரல். மெதுவாகத்தான். ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மெதுவு.

புருல் எழுந்து, ஏரியிலிருந்து ஒரு எண்ணும் வரவில்லை என்று சொன்னாள். கிராமத்திலிருந்து போலி எண் வராதபடி ஏரி உடைவதற்கு நாலு நாள் முன்னால் தானே வழியை அடைத்ததையும் மறைக்காமல் சொன்னாள். விசாரணை அதிகாரி தலையாட்டினார். பொறுப்பான வேலை என்றார். எசென்குல் அவளைப் பெருமையாகப் பார்த்தார்.

கல்மாத்தும் பார்த்தார். அதுவரை யாரையும் ஏறிட்டுப் பார்க்காத மனுஷர். கோட்டுப் பைக்குள் போன அவர் கை அப்படியே நின்றது.

நிலையத்தை விட்டு ஏன் இறங்கி வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். கல்மாத்தின் பார்வை புருலைவிட்டு நகரவில்லை.

"மட்டம் ஏறிச்சே. ஆபீஸுக்குச் சொன்னீங்களா இல்லையா?"

கை வெறுமனே வெளியே வந்தது.

"சொல்லல."

குறைந்தது ஏழு வருஷம் உள்ளே தள்ளுவார்கள் என்று எசென்குல் அவள் காதோரம் சொன்னார்.

இடைவேளையில் புருல் வாசலுக்கு வந்தாள். தபால் ஆபீஸில் வேலைசெய்கிற சோனுன் அங்கே நின்றிருந்தாள். ஐம்பது வயசிருக்கும். அழுது முடித்த முகம்.

ஏரி உடைவதற்கு மூன்று வாரத்துக்கு மேல் முன்னாலேயே பெட்டியின் லைன் செத்துவிட்டது என்றாள் சோனுன். எசென்குல் பேருக்குக் கல்மாத் எழுதிய மூன்று கடிதம் போயிற்று. மூன்றுக்கும் முத்திரை குத்தியவள் அவள்தான். பதில் வரவில்லை. அதனால் கல்மாத் தினம் விடிவதற்கு முன்னால் அளவுகோலைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பதினாலு கிலோமீட்டர் குதிரையில் இறங்கிவந்து, அவள் கணினியிலிருந்து அனுப்பிவிட்டுத் திரும்ப ஏறுவார்.

"ஒருநாள்கூட விடல பொண்ணு. உங்க புரோகிராம் 'அனுப்பியாச்சு'ன்னு காட்டும், நான் அதைத் தாள்ல அடிச்சுக் குடுப்பேன். நானூறைத் தாண்டினப்பவும் அதான் காட்டிச்சு. இன்னும் ஏன் சங்கு ஊதலன்னு கேட்டேன். 'ஆபீஸ்காரங்களுக்குத்தான் தெரியுமே, வேணும்னா ஊதுவாங்க'ன்னார்."

அனுப்புகிற நிரலும் புருல் எழுதியதுதான். எண்ணைக் கையைவிட்டுத் தள்ளியதுமே 'அனுப்பியாச்சு' என்று சொல்லிவிடும். அந்தப் பக்கம் வாங்கினார்களா என்று காத்திருந்து கேட்காது. கேட்கவைக்க இன்னும் ஒரு வரி போதும். அவள் அதை எழுதவில்லை.

"தாளெல்லாம் அவர் கோட்டுப் பையிலதான் இருக்கு," என்றாள் சோனுன்.

"அப்ப ஏன் சோனுன் எஜே, சொல்லலன்னு..." என்றாள் புருல்.

"அதுக்குத்தான் இப்ப சண்டை போட்டுட்டு வரேன். எடுத்துக் காட்டுங்க பைகேன்னேன்." சோனுன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "'மூணு பேர் போயாச்சு. நாலாவதா அந்தப் பொண்ணு வேறயா'ங்கிறார்."