ஏழாவது வரிசை வாளி

மளிகை மொத்த வியாபாரக் குடோனில் எந்த மூட்டை எங்கே இருக்கிறது என்பது இருபது வருடமாகச் சகாயமேரியின் தலைக்குள்தான் இருந்தது. புது மென்பொருள் வந்ததும், எல்லாவற்றையும் அவளிடமே கேட்டுக் கேட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். மூட்டைக்கு மூட்டை ஸ்டிக்கர் ஒட்டினார்கள். ஏழாவது வரிசையில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தவிர ஒன்றுமில்லை.

"இம்புட்டு இடத்தையும் வாளிக்கா வாடகைக்கு விட்டிருந்தீங்க?" என்று சிரித்தான் முதலாளியின் மகன் தினகர்.

"மழ பேஞ்சா அங்கன ஒழுகும் தம்பி."

"ஒழுகுறத எழுத இதுல கட்டம் இல்லக்கா. காலி இடம்னுதான் காட்டுது."

மறுநாளே அங்கே நூறு மூட்டை சர்க்கரை ஏறியது. மாதக் கடைசியில், இனி வழி சொல்ல ஆள் வேண்டாம் என்று அவளை நிறுத்திவிட்டார்கள்.

போகும்போது வாளியை எடுத்துக்கொண்டாள். வாசலில் காவலாளி ஸ்கேனரை வைத்து அதைச் சுற்றிச் சுற்றித் தேடினார்.

"ஸ்டிக்கரே இல்லியே மேரி. அப்ப இது குடோன் சாமானே இல்ல. கொண்டு போ."

மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. சகாயமேரி திரும்பி ஒருமுறை கூரையைப் பார்த்தாள். பிறகு வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள்.