தள்ளுபடியான அறிக்கை

“ஏனுங்க மேடம், ஒரு நிமிசம் நில்லுங்க!”

கோர்ட் படியில் இறங்கிக்கொண்டிருந்த அன்புக்கரசி திரும்பிப் பார்த்தாள். மஞ்சள்தூள் மில் முதலாளி பாலுசாமி. பத்து நிமிடத்துக்கு முன்புதான் விடுதலையாகியிருந்தார்.

அவருடைய தூளில் காரீயம் கலந்த சாயம் இருப்பதாக அறிக்கை கொடுத்த உணவுப் பகுப்பாய்வாளர் அவள்தான். பதினான்கு நாளில் அனுப்ப வேண்டிய அறிக்கை, இருபத்து மூன்றாம் நாள்தான் போய்ச் சேர்ந்தது. மிஷின் பழுது. கோர்ட்டுக்கு அதெல்லாம் ஒரு காரணமா? அறிக்கை செல்லாது, வழக்கு தள்ளுபடி என்று முடித்துவிட்டார்கள். அவள் இரண்டு வருடம் அலைந்ததெல்லாம் வீண்.

“அதான் ஜெயிச்சுட்டீங்களே. இன்னும் என்னங்க?”

“கோவிச்சுக்காதீங்க. அந்த ரிப்போர்ட்டு தப்பா இருக்க வழி இருக்குதுங்களா?”

வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச வந்திருக்கிறாரே இந்த மனிதர் என்று நினைத்தாள்.

“தேதிதான் தப்பு. ரிப்போர்ட் சரி.”

“மிஷினு ரிப்பேர்னு நீங்களே கூண்டுல சொன்னீங்களே?”

“ரிப்பேரைச் சரி பண்ணின பிறகுதான் டெஸ்ட் பண்ணினோம். அதுவும் ரெண்டு தடவை.”

“வேற கம்பெனி தூளு மாறிப்போயிருக்குமுங்களா?”

“உங்க கையெழுத்தோட சீல் வச்சு வந்த டப்பாவை நான்தான் பிரிச்சேன். மாற வழியே இல்லை.”

அவர் விடுவதாக இல்லை. டப்பா சுத்தமாக இருந்ததா, உதவியாளர் யார் என்று கேட்டுக்கொண்டே வந்தார். மேலதிகாரிக்குப் புகார் எழுத ஆதாரம் தேடுகிறார் என்று அவளுக்குப் பட்டது. பொறுமை போய்விட்டது.

“நான் ஒண்ணு கேக்கறேன். அந்தத் தூளை உங்க வீட்டுல சமையலுக்குப் போடுவீங்களா?”

பாலுசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

“இல்லீங்க. எங்களுக்குச் சாயம் போடாம தனியா அரைச்சுக்குவோமுங்க.”

“அப்ப தெரிஞ்சேதான் செஞ்சிருக்கீங்க! ஊரார் பிள்ளைகன்னா அவ்வளவு இளக்காரமா?”

“சாயம்னு தெரியுமுங்க. காரீயம்னு சத்தியமாத் தெரியாதுங்க. ஒண்ணும் பண்ணாதுன்னுதான் வித்தவன் சொன்னான்.” அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “ரிப்போர்ட்டு தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க மேடம். கோர்ட்டுல வேண்டாம். எங்கிட்டச் சொன்னாப் போதும்.”

“விடுதலையான பிறகு அது எதுக்குங்க உங்களுக்கு?”

அவர் சட்டைப் பையிலிருந்து ஓர் ஆஸ்பத்திரிக் காகிதத்தை எடுத்தார்.

“அவிநாசியில கட்டிக் குடுத்த மகளோட பொண்ணுக்குங்க. நாலு வயசாகியும் பேச்சு வரலீங்க. ரத்தத்துல காரீயம் இருக்குதாமா. நேத்துத்தான் சொன்னாங்க. எதுல இருந்து வந்துதுன்னு கேக்கறாங்க.”

அன்புக்கரசிக்குச் சட்டென்று புரியவில்லை.

“நீங்கதான் குடும்பத்துக்குத் தனியா அரைப்பீங்களே?”

“அது நெறம் மங்கலா இருக்குமுங்க. சம்பந்தி ஊட்டுல குறைச்சலா நெனச்சுக்குவாங்கன்னு, கடைக்குப் போற பாக்கெட்டுல நல்ல நெறமாப் பார்த்து, மாசாமாசம் மகளுக்கு நான்தானுங்க அனுப்பிட்டிருந்தேன்.”