முனியாண்டியின் ஜடாமுடி

"கம்பைக் கீழ போடு புள்ள! பெரிய மனுசன் சொல்றேன்ல?"

கோவில் தலைவர் வீரய்யா மூச்சிரைக்க மலையேறி வந்து, வாகை மரத்துக்கு முன்னால் கைகளை விரித்து நின்றார். எதிரே நிஷாந்தி. ஒரு கையில் நீண்ட மூங்கில் கம்பு. அதன் நுனியில் மண்ணெண்ணெயில் நனைத்த துணி. மறு கையில் தீப்பெட்டி.

"வழிய விடுங்க மாமா. பொழுது சாயுது. நாளைக்கு இந்த மலையிலதான் தேயிலைக் கொழுந்து எடுக்கணும்னு வேல பிரிக்கிற பெரட்டுல சொல்லிட்டாங்க. எங்கம்மாவும் வரணும்."

"வரட்டுமே. யாரு வேணாம்னா?"

"இன்னொரு தடவ குளவி கொட்டினா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வேலைக்கு வராட்டி பேர் போட மாட்டாங்க, சம்பளம் இல்ல. வந்தா உசிரு போயிரும். நீங்களே சொல்லுங்க, எது வேணும்?"

வீரய்யா அண்ணாந்து பார்த்தார். பனிமூட்டத்துக்குள், உயரத்துக் கிளையில், முறம் அளவுக்குக் கறுப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது சண்டையின் காரணம்.

மூன்று மாதத்துக்கு முன்பு வரை அதைக் குளவிக் கூடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிறகு எங்கிருந்தோ ஒரு சாமியார் நானுஓயாவில் ரயில் இறங்கி, வாடகை வான் பிடித்து அக்கரப்பத்தனைப் பக்கம் வந்தார். மரத்தைப் பார்த்ததும் கண்ணை மூடினார். "இது கூடல்ல, முனியாண்டியின் ஜடாமுடி. கை வைத்தால் தோட்டமே அழியும்" என்றார். முனியாண்டிக்கு முடி நீளம் என்பதே அதுவரை தோட்டத்தில் யாருக்கும் தெரியாது.

அடுத்த வாரமே கொழுந்தெடுத்த பெண்களைக் குளவி விரட்டி விரட்டிக் கொட்டியது. பாவிகளுக்குத் தண்டனை என்றார் சாமியார். பரிகாரம், வீட்டுக்கொரு சேவல். அதன் பிறகு லயத்து வீடுகளில் விடிந்ததைச் சொல்ல ஒரு சேவலும் மிச்சமில்லை. எல்லோரும் போனில் அலாரம் வைத்துக்கொண்டார்கள்.

"கொட்டு வாங்கினது யாரு? விரத நாள்ல கருவாடு தின்னவங்க!" என்றார் வீரய்யா.

"எங்கம்மா அன்னிக்குத் தின்னது ரொட்டியும் சம்பலும்."

"மனசுல கருவாட்ட நினைச்சாலும் பாவந்தான்னு சாமியாரு சொல்லியிருக்காரு."

"அத்தையையுந்தானே அன்னிக்குக் கொட்டுச்சு? அத்தையும் கருவாட்ட நினைச்சுச்சா?"

வீரய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மனைவியைக் கருவாட்டு விஷயத்தில் விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை போலும்.

"முகமெல்லாம் வீங்கிக் கெடந்த எங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரி வேணாம், விபூதி போதும்னாரு ஒங்க சாமியாரு. நான் ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போகலேன்னா இன்னிக்கு எனக்கு அம்மா இல்ல. அப்பறமா தோட்டத்துத் தொரை ஆள் அனுப்பிக் கூட்ட எரிக்கச் சொன்னாரு. மரத்தடியில படுத்துக்கிட்டு மறிச்சது யாரு? நீங்கதானே!"

"ஆமா, நான்தான்."

"சுத்திக் கம்பி அடிச்சு ஒருத்தரையும் கிட்ட விடாம காவல் காக்குறது?"

"அதுவும் நான்தான்."

"வெக்கமா இல்லையா மாமா?"

"ஏம்மா, நடந்ததப் பாக்க மாட்டியா? அப்பறம் இந்த மலையில தேயிலைச் செடியெல்லாம் கவ்வாத்து வெட்டினாங்க, ரெண்டு மாசமா ஆளுக வந்து போறாங்க. ஒருத்தனையாவது கொட்டிச்சா? எல்லாம் பூசையோட மகிமை."

"அம்புட்டு மகிமைன்னா சாமியாரு ஏன் எட்ட நின்னு கற்பூரம் காட்டுறாரு?"

"அது... மரியாத."

நிஷாந்தி தீக்குச்சியை உரசினாள். ஈரக்காற்றில் அணைந்தது. இரண்டாவது குச்சி பற்றியது. துணியில் தீ ஏறியதும் வீரய்யா பாய்ந்து கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க மாமா! கொட்டினா என்னைத்தானே கொட்டப் போகுது?"

"சத்தம் போடாதடி! நான் சொல்றதக் கேளு. இத எரிச்சிட்டா அந்த ஆளு ஊர விட்டுப் போயிருவான்னா நினைக்கிற? முனி எடம் மாறிட்டாருன்னு சொல்லி, கொழந்தைகள விட்டுட்டு வர்ற புள்ளக்காம்பராவுக்குப் பின்னால இருக்குற இன்னொரு கூட்டக் காட்டுவான். நம்ம சனமும் கைக்கொழந்தைகளத் தூக்கிக்கிட்டு அங்க போய்க் கும்பிடும். இது இங்கயே தொங்கட்டும் புள்ள."

"இது இங்க தொங்கினா எங்கம்மா செத்துரும்!"

"சாகாது."

"கொட்டாதுன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்குறேன்."

"சாமியாரு மேல அம்புட்டு நம்பிக்கையா?"

வீரய்யா கம்பைப் பிடுங்கி, நெருப்பை ஈர மண்ணில் குத்தி அணைத்தார். மலைக்கு மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்க அத்தையக் கொட்டின அன்னிக்கே கூட்ட எரிச்சுப் போட்டேன். அங்க தொங்குறது சேறு பூசின, நான் இடுப்புல கட்டுன பழைய சாரம். சாரம் யாரையும் கொட்டாதும்மா, கும்பிட்டுட்டுப் போகட்டும் விடு."