இரண்டாவது மெழுகுதிரி

"தேங்காய் ஒண்டு உடைக்க விடுவினமோ, சிவமலர்?"

"உங்களுக்கென்ன விசரே? வேதக் கோயில் வாசல்லை தேங்காய் உடைச்சா பொலிஸைத்தான் கூப்பிடுவினம். புக்கை பொங்கிக் கொண்டு வாறன்தானே, அது காணும்."

சுதாகரன் மனமில்லாமல் தேங்காயைப் பைக்குள் திருப்பி வைத்தான். சீசா என்ற பகுதியில் அவர்கள் ஏறிய இத்தாலிய நகர பஸ் ஒரேத்தோ ஆற்றுப் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. மடியில் சாரங்கா அவனுடைய சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டு, முன் சீட்டுக் கிழவியைப் பார்த்துச் சிரித்தாள்.

போன வருஷம் இதே நாட்களில் இவள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்துவிட்ட பிள்ளை. டொக்டரே கையை விரித்த அன்று, சிவமலர் வேலை செய்யும் வீட்டுச் சின்யோராதான் சுதாகரனை ஆற்றங்கரைச் சின்னக் கிறிஸ்தவக் கோயிலுக்குத் துரத்தினாள். "அங்கே இருக்கும் ஆத்மாக்களிடம் போய்க் கேள். இல்லை என்று சொல்லமாட்டார்கள்" என்றாள். ஓடினான், விழுந்து கும்பிட்டான், நேர்த்தி வைத்தான். பிள்ளை பிழைத்துவிட்டாள். அந்த நேர்த்தியைத் தீர்க்கத்தான் இன்றைய பயணம்.

நல்ல காரியத்துக்குப் போகிற மனுஷன் பேசாமல் போகலாம். சுதாகரனுக்கு அது வராது. போனை எடுத்து மனைவியின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இதைப் பாரும். எங்கடை நாட்டிலை தூக்குத் தண்டனையைத் திரும்பக் கொண்டு வரவேணும் எண்டு கதைக்கினம். நல்ல விஷயம்."

"இண்டைக்கு உந்தக் கதை வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? ஒரு மோட்டர்சைக்கிளுக்காக என்ரை அண்ணாவை வெட்டிக் கொலை செய்தவன். தூக்கு எண்டு தீர்ப்புச் சொல்லிப்போட்டு, உள்ளுக்கை வைச்சுச் சோறு குடுக்கினம். அங்கை ஒருத்தரையும் தூக்கிலை போட்டு எத்தினை வருஷம்! உப்பிடிப்பட்டவன் உயிரோடை இருந்தென்ன, செத்தென்ன, ஆருக்குப் பிரயோசனம்?"

"அண்ணாவை நினைச்சா எனக்கும் வயிறு எரியுதுதான். அதுக்காக இன்னொரு கழுத்திலை கயிறு போட்டா எரிச்சல் அடங்குமே?"

"எனக்கு அடங்கும்" என்றான் சுதாகரன். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நான் இண்டைக்கு ரெண்டு மெழுகுதிரி கொளுத்தப் போறன். ஒண்டு பிள்ளைக்காக நன்றி. மற்றது, அவனைத் தூக்கிலை போடவேணும் எண்டு."

சிவமலர் பிள்ளையைப் பறிக்காத குறையாக வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, உங்களைக் கும்பிட்டன்! பிள்ளை தந்த வாசல்லை போய் நிண்டு சாவு கேக்கிறதே? தந்தவை கோவிச்சா? எனக்குப் பயமாக் கிடக்கு."

"அவை ஏன் கோவிக்கினம்? கோயில்லை அவையின்ரை படத்தைப் பாத்தனான்தானே! கழுத்திலை கயிறோடை, நெருப்புக்கு நடுவிலை நிக்கினம். நியாயத்துக்காக உயிரைக் குடுத்த ஆக்கள் எண்டு பாத்த உடனை தெரியும். எங்கடை வைரவர் மாதிரி. கேட்டா உடனை செய்வினம்."

சிவமலர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைத் தரிப்பில் இறங்கினாள்.

கோயில் சாவி வைத்திருக்கும் கிழவர் ஃப்ரான்செஸ்கோ, இவர்களைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பி ஓடிவந்தார். "நீ அன்று தரையில் விழுந்து அழுத ஆள் அல்லவா? இவளா அந்தக் குழந்தை?" என்று சாரங்காவின் கன்னத்தைக் கிள்ளினார். சிவமலர் கொடுத்த புக்கையை ஒரு கரண்டி தின்றுவிட்டு, இன்னொரு கரண்டியும் கேட்டு வாங்கினார்.

சுதாகரன் முதல் திரியைக் கொளுத்தினான். பிள்ளையை வாங்கிப் படத்துக்கு முன்னால் இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"உங்களைத் தெய்வமெண்டு நம்பி வந்தன். கைவிடேல்லை. பாருங்கோ, நாலு பல்லு முளைச்சிட்டுது! இவளுக்கு நாங்கள் பேருக்குத்தான் தாய் தேப்பன். உயிர் நீங்கள் போட்ட பிச்சை. சாகுமட்டும் மறக்கமாட்டன்."

சிவமலரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வந்த காரியம் முடிந்தது, இப்படியே திரும்பிவிட்டால் போதும் என்று அவளுக்கு இருந்தது. ஆனால் சுதாகரன் பிள்ளையை அவளிடம் கொடுத்துவிட்டு, பையிலிருந்து இரண்டாவது திரியை எடுத்தான். அவள் அவனுடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் அசையவில்லை.

"இன்னொன்றா? இது எதற்கு?" என்று கிழவர் ஆசையோடு கேட்டார்.

சுதாகரனின் இத்தாலியன், கபோ சந்தை மீன்கடையில் பழகியது. கோயிலுக்குள்ளும் கூவல் போலத்தான் வந்தது. அண்ணாவைப் பற்றிச் சொன்னான். கொன்றவனைப் பற்றிச் சொன்னான். அவன் கழுத்தில் கயிறு விழவேண்டும், அதற்குத்தான் இந்தத் திரி என்றான்.

கிழவரின் முகத்திலிருந்த சிரிப்பு மறைந்தது. நெருப்புப் பெட்டியை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதை மட்டும் இங்கே கேட்காதே, மகனே. வேலை கேள், வீடு கேள், இந்த நாட்டில் தங்க பெர்மெஸ்ஸோ கேள். உனக்காகக் கடவுளிடம் போய்ப் பேசுவார்கள்."

"ஏன்? நியாயத்தைத்தானே கேக்கிறன்!"

கிழவர் அவன் தோளில் கைவைத்து, படத்தின் பக்கம் மெல்லத் திருப்பினார்.

"உன் பிள்ளையின் உயிருக்காகக் கடவுளிடம் கெஞ்சியவர்கள் யார் என்று உனக்கு யாரும் சொல்லவில்லையா? ராஜா காலத்தில் இந்த ஊர் கழுத்தில் கயிறு போட்டுக் கொன்று, இங்கே கொண்டுவந்து புதைத்த கொலைகாரர்கள்தான் அவர்கள்."